பிடிப்பும் விடுப்பும்

கைத்தொழிலில் பயன்படும் கருவிகளை இருவகையாகப் பிரிக்கலாம். பொருளை வெட்டியும் தேய்த்தும் உருவாக்கும் கருவிகள் ஒருவகை. அவ்வாறு உருவாகும்போது பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவிகள் மற்றொரு வகை. உளியையும் அரத்தையும் அறியாதார் இலர். பிடிக்கும் கருவிகளைப் பற்றி எண்ணிப் பார்ப்பவரோ மிகச் சிலர். ஆயினும் ஒரு வேலை திருந்த அமைவதும் கோணிப்போவதும் பெரும்பாலும் பிடிப்பைப் பொறுத்தே இருக்கின்றன.

பொற்கொல்லர் மெல்லிய தகட்டில் சித்திர வேலை செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு செதுக்குவதில்லை. அரக்கை இளக்கி, அதன்மேல் தகட்டைப் பதித்து, அரக்கு இறுகிய பின்னரே சிற்றுளியை எடுக்கிறார். வேலை முடிந்ததும் அரக்கை மறுபடியும் சூடாக்கித் தகட்டை விடுவிக்கிறார். ஒட்டியிருக்கும் அரக்கையும் முழுவதும் நீக்கிவிடுகிறார். பிடிப்பின் இலக்கணம் அனைத்தும் இதில் அடங்கியிருக்கிறது. பிடிக்கும்போது உறுதியாகப் பிடிக்கவேண்டும். பிடித்த காரணத்தால் பொருள் வளையக் கூடாது. விடும்போது சுவடின்றி விடவேண்டும். இம்மூன்றாவது விதியை அடிக்கடி மீறுகின்ற பிடிப்பு ஒன்று உண்டு. அது காந்தத்தின் பிடிப்பு. விட்ட பின்னும் விடாத அந்தப் பிடிப்பைப் பற்றியே இங்கு ஆராயப் போகிறோம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சுசீந்திரத்தைக் கடந்து தெற்கே போனால் கொட்டாரம் என்னும் ஊரை அடையலாம். ஒருபுறம் நாஞ்சில் நாட்டு வயலும் தோப்பும்; மறுபுறம் சிறிது தூரத்தில் கடலும் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகமும். இத்தகைய ஊரில் ஒருவர் தம் வீட்டின் பின்கட்டில் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றும், துளையிடும் இயந்திரம் ஒன்றும், சாணை ஒன்றும் அமைத்திருப்பதாகக் கொள்வோம். கடைசல் இயந்திரத்தை லேத் என்றே நாம் யாவரும் வழங்குகிறோம். நீர் இறைக்கும் பம்பின் தண்டும், படகு இயந்திரத்தின் தண்டும் அவர் கைக்குச் செப்பனிட வருகின்றன. தண்டு ஒரு மயிரிழை கோணினால், அது சுழலும் தாங்கி விரைவில் தேய்ந்துவிடும். கரையில் பம்பு நின்றால் ஒருநாள் பாய்ச்சல் கெடும்; நடுக்கடலில் படகு இயந்திரம் நின்றால் உயிருக்கே இடர். எனவே அந்தச் சிறு பட்டறையில் பிடிப்பு எப்படி இருக்கிறது என்பது வேடிக்கையான கேள்வியன்று.

முதலில் தாங்கலைப் பார்ப்போம். நம் கிராமங்களில் மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டுவார்கள். தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் அந்த அடுப்பின்மேல் பானை ஆடுவதில்லை. நான்கு கற்களை வைத்தால், நான்கும் ஒரே மட்டமாக இருந்தாலன்றிப் பானை ஆடும். காரணம் யாது? மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் செல்லும். நான்காவது புள்ளி அத்தளத்தில் அமைவது தற்செயல். முக்காலி ஆடாததும் நாற்காலி ஆடுவதும் இதனாலேயே.

இந்த உண்மையைப் பொறியியலாளர் ஒழுங்குபடுத்தி 3-2-1 விதி என்று கூறுவர். எப்பொருளும் ஆறு வகையில் அசையலாம். முன்பின், இடவலம், மேல்கீழ் என நகர்வு மூன்று; அந்த மூன்று அச்சுகளைச் சுற்றிய சுழற்சி மூன்று. பொருளின் அடியில் மூன்று புள்ளிகளில் தாங்கினால் மூன்று அசைவுகள் அடங்கும். பக்கத்தில் இரண்டு புள்ளிகளில் சார்த்தினால் இன்னும் இரண்டு அடங்கும். முனையில் ஒரு புள்ளி வைத்தால் ஆறாவதும் அடங்கிவிடும். இதற்குமேல் வைக்கும் ஒவ்வொரு தாங்கலும் முந்தையவற்றோடு சண்டையிடும். தேவைப்பட்டால் திருகு ஜாக்கியை மெல்ல உயர்த்தி, பொருளைத் தொட்டவுடன் நிறுத்த வேண்டும். அதற்குமேல் திருகினால் பொருள் தூக்கப்படும்.

இறுக்கிப் பிடிக்கும் பட்டையை எங்கே வைப்பது? தாங்கல் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே வைக்க வேண்டும். தாங்கலில்லாத நடுவிடத்தை அழுத்தினால் பொருள் வில்லாக வளையும். வளைந்த நிலையில் அதனைச் சமமாகச் சீவிவிடலாம். அளந்து பார்த்தால் சரியாகவே இருக்கும். பட்டையைத் தளர்த்தியவுடன் இரும்பு தன் இயல்பான வடிவத்துக்கு மீளும்; சமமாகச் சீவிய முகம் குவிந்துவிடும். சாணை இயந்திரத்தின் காந்த மேசையும் மெல்லிய தகடுகளுக்கு இதே தீமையைச் செய்கிறது. கோணல் தகட்டை இழுத்துத் தட்டையாக்குகிறது. சாணை பிடித்து முடித்தபின் விட்டுவிட்டால் தகடு மறுபடியும் கோணுகிறது. அறிந்தவர்கள் தகட்டின் அடியிலுள்ள இடைவெளியில் மெல்லிய காகிதமோ பித்தளைத் தகடோ செருகிவிட்டே காந்தத்தை இயக்குவர்.

நீண்ட தண்டின் கதை வேறு. ஒரு முனையை மட்டும் லேத்தின் சக்கில் பிடித்து, மறுமுனையை வெட்டுளியால் அழுத்தினால் தண்டு வளையும். நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் இருமடங்கானாலோ வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே சுண்டுவிரல் பருமனுள்ள நீண்ட தண்டைக் கடையும்போது, மறுமுனைக்கு ஒரு மையத் தாங்கலும், இடையில் ஸ்டெடி எனப்படும் நிலைத்தாங்கியும் இன்றியமையாதவை.

இத்தனை கவனமும் ஒரு சிறு இரும்புத் துகளால் வீணாகக்கூடும். 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணைக்கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் ஒரு பொருளை அமர்த்துகிறோம் என்க. ஒரு கட்டையின்மேல் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள துகள் ஒன்று கிடக்கிறது. மெல்லிய தலைமயிரின் கனம் அவ்வளவுதான் இருக்கும். பொருள் அந்த அளவுக்குச் சாய்கிறது. சாய்வோடு துளையிட்டால் 300 மில்லிமீட்டர் நீளத்தில் பிழை 0.15 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். சுழலும் தண்டுக்கு இது பெரும்பிழை.

துகளைத் துடைத்தால் போகாதா என்று நீங்கள் கேட்கலாம். பித்தளைத் துகளும் மரத்தூளும் துடைத்தால் போய்விடும். இரும்புத் துகளும் பொதுவாகப் போய்விடும். ஆனால் இணைக்கட்டையில் காந்தம் ஏறியிருந்தால் துகள் போகாது. துணியால் துடைக்கும்போது ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நகரும், அவ்வளவே. இங்கேதான் எஞ்சிய காந்தம் தொழிலாளிக்குப் பகையாகிறது.

எஞ்சிய காந்தம் என்பது யாது? இரும்பினுள் காந்தக் களங்கள் என்னும் நுண்ணிய பகுதிகள் உள்ளன என்பதை 1907இல் பியர் வெய்ஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கருத்தாக வெளியிட்டார். ஒவ்வொரு களமும் ஒரு சிறு காந்தம். சாதாரண நிலையில் அவை பல திசைகளிலும் நோக்கி நிற்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்ப்பதைப் போல. வெளியே ஒரு காந்தத்தை அருகில் கொணர்ந்தால், தேர் வரும் திசையைக் கூட்டம் நோக்குவதுபோல், களங்கள் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. காந்தத்தை அகற்றிய பிறகு தேனிரும்பின் களங்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குக் கலைந்துவிடுகின்றன. கடினப்படுத்திய எஃகிலோ அவை எளிதில் கலைவதில்லை. இவ்வாறு காந்த நிலை காரணத்துக்குப் பின்தங்கி நிற்பதைக் காந்தத் தயக்கம் என்பர். இதனை 1880களில் விரிவாக ஆராய்ந்து பெயரிட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங்.

இதிலுள்ள இடர்ப்பாட்டைக் கவனியுங்கள். இணைக்கட்டை, வி வடிவக் கட்டை, துளையூசி, அளவுகோல் யாவும் எளிதில் தேயாதிருக்கும் பொருட்டுக் கடின எஃகினாலேயே செய்யப்படுகின்றன. தேயாத எஃகு எதுவோ, அதுவே காந்தத்தையும் மறவாத எஃகு. துல்லியத்துக்காக நாம் தேர்ந்தெடுத்த குணத்தோடு இக்குறையும் உடன் வருகிறது.

காந்தத்தை மறக்கும் பொருளுக்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்துள்ளன. இவற்றுள் சிலவற்றை வலிமைமிக்க காந்தங்கள் இழுக்கும்; சிர்க்கானையும் ரூட்டைலையும் இழுக்கா. இவ்வேறுபாட்டைக் கொண்டே அங்குள்ள ஆலையில் மணலைப் பிரிக்கிறார்கள். இல்மனைட் மணி காந்தத்தின் பிடியிலிருந்து அகன்றவுடன் காந்தத் தன்மையை இழந்து உதிர்ந்துவிடுகிறது. அது விடாமல் ஒட்டிக்கொள்ளுமாயின் அந்த ஆலையே நடவாது. பிடிப்பதற்கு இணையாக விடுவதும் பயனுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சிறு பட்டறையில் காந்தம் எவ்வழியாக நுழைகிறது? காந்த மேசை ஒரு வழி. அளவு காட்டும் டயலைத் தாங்கி நிற்கும் காந்த அடிப்பீடம் மற்றொரு வழி. அதன் குமிழைத் திருப்பினால் பிடிப்பு நீங்கும்; ஆனால் அது நின்ற இரும்புப் பரப்பில் சிறிதளவு காந்தம் தங்கிவிடும். நேர்மின்னோட்டத்தால் பற்றவைப்பது மூன்றாவது வழி. 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தங்கள் இப்போது விளையாட்டுப் பொருள்களில்கூட வந்துவிட்டன. அவற்றில் ஒன்றைக் கருவிப்பெட்டியில் போட்டுவைத்தால் பெட்டி முழுவதும் காந்தமாகும். இவற்றையெல்லாம் விலக்கினாலும் விலக்க முடியாத காந்தம் ஒன்று உண்டு. அதுதான் நாம் நிற்கும் பூமி.

பூமியே ஒரு பெருங்காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் நிறுவினார். கொல்லன் காய்ச்சிய இரும்பை வடக்குத் தெற்காக வைத்து அடித்தால் அது காந்தமாகும் என்பதையும் அவர் அந்நூலில் காட்டினார். சம்மட்டியின் ஒவ்வோர் அடியும் களங்களைச் சற்று அசைக்கிறது. அசைந்தவை பூமியின் காந்தத்துக்கு இணங்கத் திரும்புகின்றன.

இதில் நம் தென்கோடிக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. லண்டன் நகரில் காந்த ஊசியை மேலும் கீழும் அசையுமாறு தொங்கவிட்டால், அது கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சாயும். அதனால் அங்கே செங்குத்தாக நிற்கும் இரும்புக் கம்பங்களும் நாளடைவில் காந்தமாகின்றன. கொட்டாரத்திலோ ஊசி ஏறத்தாழக் கிடைமட்டமாகவே நிற்கும். காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இத்தென்முனையை ஒட்டிச் செல்கிறது. இங்கே பூமியின் காந்தப்புலம் தெற்கிலிருந்து வடக்காகத் தரைக்கு இணையாக ஓடுகிறது. அதன் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. லண்டனில் தரைக்கு இணையான பகுதி இதில் பாதியளவே. ஆகவே நம் ஊர்ப் பட்டறையில் நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு அச்சமில்லை. வடக்குத் தெற்காகப் படுத்திருக்கும் கம்பியையே கவனிக்க வேண்டும். அயல்நாட்டுப் புத்தகங்களில் எழுதியுள்ளதை அப்படியே பின்பற்றுவோர் இவ்விடத்தில் தவறுவர்.

இத்தென்பகுதியின் காந்தத்தை அளக்கும் முயற்சி பழமையானது. 1837இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. அதன் தலைவராக 1852 முதல் 1865 வரை பணியாற்றிய ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் காந்த அளவீடுகளில் ஈடுபட்டார். 1855இல் அகத்தியமலையின் உச்சிப் பகுதியிலும் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். கொட்டாரம் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் இப்பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பின்னர், காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலிருப்பதன் பொருட்டே தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட்டை அங்கே அழைத்த அதே இயற்கைதான் பின்கட்டுப் பட்டறையின் இரும்புக் கம்பியையும் தொடுகிறது.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழ நீளமுள்ள இரும்புக் கம்பியும், சுத்தியலும், திசைகாட்டும் ஊசியும் போதும். கம்பியைத் தரையில் வடக்குத் தெற்காக வைத்து, ஒரு முனையில் சுத்தியலால் பலமுறை தட்டுங்கள். பிறகு அதைக் கிழக்கு மேற்காகத் திருப்பி, ஒவ்வொரு முனையையும் ஊசியின் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். வடக்கே நோக்கியிருந்த முனை ஊசியின் வடமுனையைத் தள்ளும், மறுமுனை இழுக்கும். கம்பியின் முனைகளை மாற்றி வைத்து மறுபடியும் தட்டினால் விளைவும் மாறும். கிழக்கு மேற்காக வைத்துத் தட்டினால் காந்தம் தளர்ந்துவிடும். இச்சோதனையில் ஓர் எச்சரிக்கை: இழுப்பதை மட்டும் கண்டு காந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். சாதாரண இரும்பையும் காந்த ஊசி இழுக்கும். தள்ளுவதொன்றே உறுதியான சான்று.

இனி, ஏறிய காந்தத்தை இறக்குவது எப்படி? இரும்பை 770 பாகை செல்சியசுக்குமேல் சூடாக்கினால் காந்தம் முற்றும் அழியும். ஆனால் அந்தச் சூட்டில் எஃகின் கடினமும் போய்விடும்; இணைக்கட்டை பயனற்றதாகும். நோயோடு நோயாளியையும் போக்கும் மருத்துவம் இது.

நல்ல வழி மாறுதிசை மின்னோட்டம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதனால் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இம்மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளினுள் இரும்பை நுழைத்தால், களங்கள் இப்புறமும் அப்புறமும் மாறிமாறித் திரும்புகின்றன. இரும்பை மெல்ல மெல்ல வெளியே இழுக்கும்போது, ஒவ்வொரு திருப்பமும் முந்தியதைவிடச் சிறிது வலுக்குறைகிறது. ஊஞ்சலின் வீச்சு படிப்படியாகத் தணிந்து அமைதியடைவதைப் போலக் காந்தமும் தணிந்து இல்லையாகிறது. இரும்பைக் கைநீளத் தொலைவுக்குக் கொண்டுவந்த பின்னரே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுருளினுள் இருக்கும்போதே நிறுத்திவிட்டால், களங்கள் அந்தக் கணத்தில் நோக்கிய திசையிலேயே நின்றுவிடும். காந்தம் முன்பைவிட மிகுதியாகவும் கூடும்.

பொருள் நீளமானதாயின், இழுக்கும்போது அது கிழக்கு மேற்காக இருக்கட்டும். வடக்குத் தெற்காக இருந்தால், நாம் கலைத்த களங்களைப் பூமி மறுபடியும் தன் வசமாக்கும். பருத்த பொருளாயின் வேறொரு தடை உண்டு. மாறுதிசை மின்னோட்டத்தின் காந்தப்புலம் இரும்பின் மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் ஆழம் வரையே செல்லும். அத்தகையவற்றுக்கு நேர்மின்னோட்டத்தையே திசைமாற்றித் திசைமாற்றி, ஒவ்வொரு முறையும் அளவைக் குறைத்துக்கொண்டு வருவர். காந்த மேசைகளின் மின்கட்டுப்பாட்டுக் கருவிகள் பல இவ்வேலையைத் தாமே செய்கின்றன. ஆர்வமிகுதியால் மாணவர் எவரும் வீட்டு மின்சாரத்தில் நேரே சுருள் பிணைத்துச் சோதிக்கலாகாது. அது உயிரைப் பறிக்கும். ஆசிரியர் முன்னிலையில், முறையாகச் செய்யப்பட்ட கருவியையே பயன்படுத்த வேண்டும்.

காந்தம் இறங்கிற்றா என்பதைத் திசைகாட்டும் ஊசியால் அறியலாம். தாங்கல் சரியா என்பதையோ ஒரு காகிதத்துண்டே சொல்லும். பொருளை அமர்த்தும்போது ஒவ்வோர் இணைக்கட்டையின்மேலும் மெல்லிய காகித நறுக்கு ஒன்றை வையுங்கள். இறுக்கிய பின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். எல்லாம் இறுகியிருந்தால் பொருள் நன்றாக அமர்ந்திருக்கிறது. ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தால், எங்கோ ஒரு துகள் கிடக்கிறது. பிறகு துடைத்து, மறுபடியும் அமர்த்த வேண்டும். தரையில் சிதறிய இரும்புச் சீவலைத் திரட்டக் காந்தத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதனை ஒரு துணிப்பையில் இட்டுப் பயன்படுத்தி, பின்னர்ப் பையை உரித்தால் சீவல் உதிர்ந்துவிடும். ஆனால் அக்காந்தம் அளவுக்கருவிகளும் இணைக்கட்டைகளும் இருக்கும் பெட்டிக்கு அருகே செல்லக் கூடாது.

செப்பனிட்ட தண்டை உரியவரிடம் ஒப்படைக்குமுன் அதையும் ஊசியின் முன் காட்டவேண்டும். பட்டறையில் ஏறிய காந்தம் பட்டறையோடு நிற்பதில்லை. காந்தமேறிய தண்டு தன் தாங்கியினுள் சுழலும்போது, எண்ணெயில் மிதக்கும் இரும்புப் பொடியை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்பொடி சாணைப் பொடிபோல் தாங்கியை அரிக்கும். படகின் உரிமையாளர் எண்ணெயைக் குறை கூறுவார். எண்ணெய் விற்றவர் இயந்திரத்தைக் குறை கூறுவார். ஐந்து நிமிடச் சோதனை அத்தனைக்கும் இடமில்லாமல் செய்திருக்கும்.

இயந்திரம் விலையுயர்ந்ததாக இருந்தால்தான் வேலை துல்லியமாக அமையும் என்று பலர் எண்ணுகின்றனர். மூன்று கல் அடுப்பை வைக்கத் தெரிந்த அறிவும், ஒரு காகிதத் துண்டும், ஒரு திசைகாட்டும் ஊசியும், வடக்கெது கிழக்கெது என்னும் நினைவும் சிறிய லேத்தைக்கூட நம்பத்தக்கதாக்கும். பிடிக்க வேண்டிய நேரத்தில் உறுதியாகப் பிடித்து, விடவேண்டிய நேரத்தில் முழுவதுமாக விடுவதே பட்டறைத் தொழிலின் பாதி. இதனை இளமையிலேயே கைப்பழக்கமாக்கிக் கொள்பவர் செப்பனிட்ட இயந்திரத்தை நம்பிக் கடலுக்குப் போகிறவர் கரைக்குத் திரும்பி வருவார்.